ஆறு இட்லியில் போன அருள்

குருவிப்பதிக்குக் கங்கம்மா வந்துவிட்டாள்! நம்பாதவர்கள் வாட்ஸப்பைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் சேலை கட்டிய பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறாள். நடந்துகொண்டே இருக்கிறாள். திடீரென்று ஓரிடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர்! ஆயிரம் அடிக்குக் கீழே ஓடுகிற ஊற்று அந்தப் பெண்ணின் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடுகிறதாம். நாமும் கால் என்று இரண்டு வைத்திருக்கிறோம், எதற்கு?

பொள்ளாச்சியிலிருந்து வேன் வந்தது. வேலந்தாவளத்திலிருந்து ஆட்டோ வந்தது. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கார்கள் வந்து, நிறுத்த இடமில்லாமல் தென்னந்தோப்புக்குள் புகுந்தன. சாதாரண நாளில் ஒரு வேட்பாளர் கூட எட்டிப் பார்க்காத ஊர் எங்களுடையது. அந்த ஒரு வாரத்தில் மூன்று கட்சிக்காரர்களும் ஒரே பந்தலில் உட்கார்ந்து நீர்மோர் குடித்தார்கள். மண்ணியல் படித்து, அதற்கே சம்பளம் வாங்கி, அதற்கே பென்ஷனும் வாங்குகிற ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது சட்டை முழுக்க மண். அவர் வாழ்நாளில் மண்ணை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றரை ஏக்கர். இரண்டு போர். இரண்டிலும் வந்தது புழுதி. இடம் பார்த்துச் சொன்னவர் தங்கதுரை. ஆகவே நான் புத்திசாலி, மற்றவர்கள் முட்டாள்கள் என்று இந்தக் கதையைச் சொல்ல வழியில்லை.

தங்கதுரைக்கு முதலில் தொழில் தேங்காய். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். கீழே ஊற்று இருந்தால் தேங்காய் நிமிர்ந்து நிற்கும். எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் தேங்காய் பார்க்காமல் போர் வண்டியைக் கூப்பிடுகிறவன், பெண் பார்க்காமல் தாலி வாங்குகிறவன் மாதிரி. கையைக் கொஞ்சம் சாய்த்தால் தேங்காய் நிமிரும் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். ஆனால் போர் போடுகிற விஷயத்தில் யாரும் குழந்தையைக் கேட்பதில்லையே! போன கோடையில் தங்கதுரையின் தேங்காய் காட்டிய பதினொரு இடங்கள் வரிசையாகப் புழுதியைக் கக்கின. அதற்குப் பிறகு அவர் தேங்காயோடு தெருவில் போனால் சட்னிக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். வந்தாள் என்ன, கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் மூன்று வாரமாகவே இருந்தாள். தூணோரம் சுருண்டு கிடப்பாள். பஸ் ஹாரன் அடித்தால் பதறி எழுவாள். இல்லாத யாரோடோ மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பாள். ராத்திரி முழுக்கக் கண்ணை மூடாமல் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள் என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். பொம்பளைப் பிள்ளை, தனியாக, தெருவில், எப்படிக் கண்ணை மூடுவாள்? இதை நாங்கள் யோசிக்கவில்லை. "பைத்தியம்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். நானும் ஏறினேன்.

ஒருநாள் அவள் நடந்து நடந்து குருவிப்பதிக்கு வந்து ஒரு தோட்டத்து வரப்பில் மயங்கி விழுந்தாள். அது ஏற்கெனவே போர் வண்டி வந்து நின்ற தோட்டம். மறுநாள் அங்கே தண்ணீர் வந்தது. ஊரே தண்ணீரைப் பார்த்தது. தங்கதுரை மட்டும் பெண்ணைப் பார்த்தார். அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். தேங்காயைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு மஞ்சள் சேலை வாங்கி வந்தார்.

கங்கம்மாவுக்கு விரதம் உண்டு. தோட்டத்துக்கு வருவதற்கு முந்தின நாளிலிருந்து சோறு ஆகாது, தண்ணீரும் ஆகாது. வெயில் ஏறிய பிறகுதான் நடக்க வேண்டும். காலில் செருப்பு ஆகாது. தங்கதுரை உடுக்கை அடித்துக்கொண்டு பின்னால் வருவார். அவள் நடப்பாள், உதடு முணுமுணுக்கும், கண் சொருகும், பொத்தென்று உட்காருவாள். "அம்மா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பட்டினி கிடந்த பிள்ளை வெயிலில் நடந்தால் உட்காராமல் பறக்கவா செய்யும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போர் போட்டு நொந்தவனின் கண்ணுக்கு உலகத்தில் எது விழுந்தாலும் அது தண்ணீருக்கான அடையாளம். காக்கை எச்சம் போட்டால் கூட அந்த இடத்தில் கல் நட்டு வைக்கிற ஆட்கள் நாங்கள்.

ஏழு தோட்டத்தில் உட்கார்ந்தாள். நாலில் தண்ணீர் வந்தது. வராத மூன்றுக்கும் காரணம் தயாராக இருந்தது. ஒரு வீட்டில் அன்று காலையில் ஆம்லெட் போட்டுவிட்டார்கள். இன்னொரு தோட்டத்தில் போர் ஓடும்போது எவனோ விசிலடித்தான். மூன்றாவது தோட்டத்தில் அம்மன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் குழாய் இறங்கிவிட்டது. போர் வண்டி ஓட்டுகிற கருத்தப்பாண்டி டீக்கடையில் என்னிடம் வேறு கணக்குச் சொன்னான்.

"போன மழைக்கு அப்புறம் இந்தப் பக்கம் கண்ண மூடிக்கிட்டு எங்க எறக்குனாலும் பத்துக்கு ஆறு தண்ணி வருதுண்ணே."

"அட, இதை ஏம்ப்பா சொல்லாம இருக்கறே?"

"எவன் கேட்டான்?" என்று அவன் வடையைக் கடித்தான்.

கேட்க ஒருத்தி வந்தாள். வனிதா. எங்கள் வார்டின் ஆஷா வர்க்கர், வீடு தேடி வருகிற சுகாதாரப் பணியாளர். கையில் டார்ச்சோடு வீடு வீடாகப் போய், தென்னை மரத்தடியில் கிடக்கிற சிரட்டைகளைக் குப்புறக் கவிழ்த்து, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பவள். எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தேடுவதுதான் அவளுக்கும் வேலை. ஆனாலும் அவளுக்கு இதுவரை யாரும் சூடம் காட்டியதில்லை. தங்கதுரையின் பந்தலுக்குள் சிரட்டை பார்க்க நுழைந்தவள், அம்மனைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, இந்தப் புள்ளை கடேசியா எப்பச் சாப்புட்டுது?"

"சாமிக்கு எதுக்கு அம்மிணி சாப்பாடு?"

"தண்ணியாச்சும் குடிச்சுதா?"

தங்கதுரை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணியக் குடிச்சுப்போட்டா, பொறவு எதுக்கோசரம் தண்ணியத் தேடப் போறா?"

"அதானே!" என்றது கூட்டம். நானும் "அதானே" என்றேன். அப்போது அது பெரிய தத்துவமாகத்தான் தெரிந்தது.

வனிதா குனிந்து அந்தப் பெண்ணின் புறங்கைத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய தோல் உடனே படியவில்லை, மடிப்பாகவே நின்றது. உதடு வெடித்துக் கிடந்தது. பெண் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"தூங்கறாளாங்கண்ணா?"

"ராத்திரி முச்சூடும் உடுக்கைதான். சாமி தூங்குனா ஊத்தும் தூங்கிரும்."

வனிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது சாமியில்லீங்க. போக்கிடம் இல்லாத புள்ளை. மனசு நொந்து கெடக்குது. டாக்டர் பார்க்க வேண்டிய புள்ளையக் கொண்டாந்து வெயில்ல நடத்தறீங்களே, நாயமா இது?"

கூட்டத்துக்குக் கோபம் வந்தது. பசித்த பிள்ளையைப் பார்த்து வராத கோபம், சோறு கேட்டவளைப் பார்த்து வந்தது. "போயி உன்ற கொசுவப் பாரு அம்மிணி" என்று ஒருவர் வழிகாட்டினார்.

வனிதா போய்ப் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஜீப் வந்தது. சாமியைத் தொட விடுவோமா? ஊர் திரண்டு ஜீப்புக்கு முன்னால் படுத்துவிட்டது. படுத்தவர்களில் இரண்டாவது ஆள் நான். முதல் ஆளின் படம் வாட்ஸப்பில் வந்தது. எனக்கு முதுகுவலி வந்தது. "வெள்ளிக்கிழமை போலீசோடு வருவோம்" என்று சொல்லிவிட்டு ஜீப் திரும்பியது. தங்கதுரை சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே அறிவித்தார். வெள்ளிக்கிழமை கடைசித் தோட்டம். அன்றே அம்மன் ஆனைகட்டிக்குப் பக்கத்தில் ஒரு மலைக்குப் போகிறாள். அங்கே குழிக்குள் இறங்கி இருபத்தொரு நாள் அன்னம் தண்ணியில்லாமல் தவம்.

கூட்டம் "அம்மா!" என்றது. வனிதா மட்டும், "இருபத்தொரு நாளா? இந்தப் புள்ளை மூணு நாள் தாங்காது" என்றாள். போலீஸ் வந்தாலும் ஊர் மறுபடியும் படுக்கும், அந்தக் கலாட்டாவில் தங்கதுரை பெண்ணை வண்டியேற்றிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊரை எழுப்பாமல் அந்தப் பெண்ணை எழுப்ப முடியாது.

அந்தக் கடைசித் தோட்டம் குப்பண்ணனுடையது. பன்னிரண்டு ஏக்கர் தென்னை, ஆறு காய்ந்த போர். புதன்கிழமை கங்கம்மா அவர் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில், புளிய மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்குக் கருத்தப்பாண்டியின் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. புதன் பொழுதோடே வனிதா குப்பண்ணன் வீட்டுக்குப் போனாள். நான் அங்கே திண்ணையில் உட்கார்ந்து அவரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பகுத்தறிவு பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாட்டைப் பற்றிப் பேசினாள்.

"மாமா, நீங்க சந்தையில மாடு வாங்குனா எப்படிங்க பார்த்து வாங்குவீங்க?"

குப்பண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கடவுளை விட மாட்டைப் பற்றி அதிகம் தெரியும். "சந்தையில பார்க்கறது பார்வையே இல்ல அம்மிணி. தரகன் உப்புத் தண்ணி குடிக்க வெச்சு வகுத்த ஊதிக் காட்டுவான். பால் கறக்காம உட்டு மடிய வீங்க வெப்பான். நான் கொண்டாந்து என்ற கட்டுத்தறியில ஒரு ராத்திரி கட்டுவேன். என்ற தீனி திங்கோணும். படுத்து எந்திரிக்கோணும். வெடியால மறுக்கா நடக்க உட்டுப் பார்ப்பேன். அப்பத்தான் அது என்ன மாடுன்னு தெரியும்."

"சரிங்க மாமா. சாமிய மட்டும் ஏன் தரகன் காட்டுனபடியே வாங்கறீங்க?"

குப்பண்ணன் வாயில் வெற்றிலை நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி மருதாத்தாள், "அதத்தான் நானும் கேக்கறேன்" என்றாள். அவள் அதுவரை எதையும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் சொன்னது நல்லதாகப் போயிற்று.

சாமியை மாட்டோடு சேர்த்துப் பேசலாமா என்று பக்தர்கள் கோபப்படக் கூடாது. மாட்டைப் பட்டினி போட்டு வெயிலில் நடத்தினால் எங்கள் ஊரில் கேட்க ஆள் உண்டு. அந்த வகையில் மாடு ஒரு படி மேல்தான்.

வியாழக்கிழமை காலை பந்தலில் வைத்து, எல்லோர் முன்னாலும் குப்பண்ணன் சொன்னார்.

"தங்கதுர, நாளைக்குக் கொழா எறக்கறதுக்கு முந்தி அம்மன் மறுக்கா ஒருவாட்டி நடக்கோணும். அதே எடத்துல உக்காந்தாத்தான் வண்டி ஓடும்."

"அதுக்கென்னங்க? நூறுவாட்டி நடந்தாலும் அதே எடந்தானுங்க! தண்ணி இருக்கற எடத்துல அம்மன் உக்காராம இருக்க மாட்டா!" தங்கதுரை மார்தட்டினார்.

"நல்லது. இன்னிக்கு ராத்திரி அம்மன் என்ற ஊட்டுல இருக்கட்டும். என்ற ஊட்டுல சாப்புட்டு, தூங்கி, வெடியால நடக்கட்டும்."

தங்கதுரையின் கை மார்பிலேயே நின்றது. "அன்னம் பட்டா அருள் போயிருமுங்களே!"

"என்ற ஊட்டுச் சோத்தத் தின்னாப் போற அருளு எனக்கு எதுக்குங்க? என்ற சோறு என்ன, தீட்டா?"

கூட்டம் முணுமுணுத்தது. குப்பண்ணன் வீட்டுச் சோற்றைக் குறை சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. பாதிப் பேர் அதைத் தின்று வளர்ந்தவர்கள். சற்று முன்புதான் நூறு தடவை என்று சவால் விட்ட வாய், வேறு வழியில்லாமல் சரி என்றது.

அன்றைக்கு நடந்ததை மருதாத்தாள் பிறகு சொன்னாள். வந்ததும் அந்தப் பெண்ணுக்கு உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை வனிதா கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். அப்புறம் கஞ்சி. பெண் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே குடித்தாள். யாரும் டம்ளரைப் பிடுங்கவில்லை என்று தெரிந்ததும் மெதுவாகக் குடித்தாள். மருதாத்தாள் தன் மகளின் பழைய சுடிதாரைக் கொடுத்து, ஓர் அறையைக் காட்டினாள்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிடட்டுமாம்மா?" என்று பெண் கேட்டாள். அந்த வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"போட்டுக்க சாமி. ஆரும் வர மாட்டாங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. பொழுது சாய்வதற்கு முன் உள்ளே போனவள், மறுநாள் காலை எட்டரைக்குத்தான் கதவைத் திறந்தாள். உட்கார வைத்து இட்லி போட்டார்கள். ஒன்று, இரண்டு என்று ஆறு இட்லி. "பேரென்ன கண்ணு?" என்று மருதாத்தாள் கேட்டாள். "ஞானஜோதி" என்றாள். ஒரு வாரமாக ஐந்நூறு பேர் அவள் காலில் விழுந்தோம். பேர் கேட்டது மருதாத்தாள் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. குப்பண்ணன் தோட்டத்தில் நிற்க இடமில்லை. கருத்தப்பாண்டி வண்டியைப் புளிய மரத்தடியில் தயாராக நிறுத்தியிருந்தான். தங்கதுரை புது வேட்டி, புது உடுக்கை. ஞானஜோதி வந்தாள். காலில் செருப்பு. தலை வாரிப் பின்னியிருந்தது. "அம்மனுக்கு முகத்தில் களை கூடியிருக்கிறது" என்றார் மண்ணியல் பெரியவர். ஆம், இட்லிக் களை.

நடந்தாள். உடுக்கை அதிர்ந்தது. தங்கதுரை பின்னால் ஓடினார். பன்னிரண்டு ஏக்கரை ஒரு சுற்று சுற்றிப் புளிய மரத்துக்கு வந்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. புதன்கிழமை உட்கார்ந்த அதே இடம். கல் நட்டு மாலை போட்டிருந்தார்கள். அவள் கல் தடுக்கிவிடாமல் ஒதுங்கி நடந்து போய்விட்டாள்.

"மொதோ சுத்து அப்பிடித்தானுங்க!" என்று தங்கதுரை கத்தினார்.

இரண்டாவது சுற்று. வெயில் ஏறியது. புளிய மரம் வந்தது, போயிற்று. தங்கதுரை பக்கத்தில் போய்க் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "உக்காரு... உக்காரு புள்ள" என்றார். அவள் நின்று, மரியாதையாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"கால் வலிக்கலண்ணே. உக்காரணுமா?"

கூட்டத்தில் முதல் சிரிப்பு கிளம்பியது. சாமி உட்கார அனுமதி கேட்பதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது சுற்று. அவள் காற்றாட நடந்தாள். வழியில் கிடந்த தென்னம்பாளையைத் தாண்டிப் போனாள். தங்கதுரைக்கு ஐம்பது வயது, கனத்த உடம்பு. அம்மன் விரதமிருந்த நாளெல்லாம் அம்மனுக்கும் சேர்த்துச் சாப்பிட்டவர். உடுக்கை ஓசை குறைந்தது. நடை தள்ளாடியது. வாய்க்கால் மேட்டுக்கு வந்ததும் வேட்டி தடுக்க, மூச்சிரைக்க, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

கருத்தப்பாண்டி வண்டியின் மேலிருந்து கூவினான். "அண்ணே! சாமி அங்க உக்காந்துட்டாரு! வண்டிய அங்க கொண்டாரட்டுமா?"

தோட்டமே வெடித்துச் சிரித்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகளெல்லாம் இப்போது தொடையில் தட்டின. ஆனாலும் நம்பிக்கை அவ்வளவு எளிதில் சாகுமா? ஒரு பெரியவர் முன்னால் வந்து கைகூப்பினார். "தாயி, நீயே உன்ற வாயால சொல்லு. தண்ணி எங்கிருக்குது?"

ஞானஜோதி வனிதாவைப் பார்த்தாள். வனிதா தலையசைத்தாள்.

"எனக்கு எப்பிடிங்கய்யா தெரியும்? சாப்பிடாம நடந்தா தல சுத்தும். கண்ணு இருட்டும். உக்காந்துருவேன். அன்னைக்கு அந்த மரத்தடியில நெழல் இருந்துச்சு, அதான்."

"மந்திரம் சொன்னியே தாயி, முணுமுணுன்னு?"

"மந்திரம் இல்லய்யா. எங்கம்மாகிட்டப் பேசிட்டு வந்தேன்." அவள் குரல் தணிந்தது. "சின்னக்கானல் பக்கம் எஸ்டேட்டுல தேயிலைக் கொழுந்து எடுத்துச்சு. போன வருசம் எறந்துபோச்சு. அது வேல பாத்ததுனாலதான் எங்களுக்கு லயத்து வரிசையில வீடு குடுத்திருந்தாங்க. அது போனதும் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மாமா வீட்டுல இருக்க முடியல. பஸ்சுல ஏறி வந்துட்டேன். ராத்திரி தூங்குனா யாராச்சும் வந்துருவாங்கன்னு பயமா இருக்கும். அம்மாகூடப் பேசுனா கொஞ்சம் பயம் கொறையும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஐந்நூறு பேருக்கும் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தோம். என்னைப் போல ஜீப்புக்கு முன்னால் படுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே பார்த்தோம்.

தங்கதுரை எழுந்துவிட்டார். கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பைத்தியமுங்க அது! இல்லாத அம்மாகூடப் பேசறேங்குதே, கேட்டீங்கல்ல? பைத்தியத்தோட பேச்சக் கேட்டுட்டு..."

"ஏனுங்கண்ணா," என்றாள் வனிதா, "நேத்து வரைக்கும் இவ உக்காந்த எடத்தக் காட்டித்தானே ஏழு போர் போட வெச்சீங்க? நேத்துச் சாமி, இன்னிக்குப் பைத்தியமா? ஆறு இட்லியில இவ்வளவு மாறுமா? அவ சாமியும் இல்ல, பைத்தியமும் இல்ல. அம்மா செத்து, ஊடு போயி, ரோட்டுல தூங்காமக் கெடந்தா உங்க மனசும் எம்மனசும் மட்டும் நேரா நிக்குமா? காய்ச்சல்னா டாக்டரைப் பார்க்கறமல்லொ? மனசு தாங்காமப் போனாலும் அதுக்கும் டாக்டர் இருக்காங்க."

குப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "தங்கதுர, பட்டினி போட்டு நடத்தற தரகனச் சந்தையிலயே உட்டுப்போட்டு வாறவன் நான். ஊட்டு வாசல் வரைக்கும் உட்டுப்போட்டனே, என்ற தப்பு. உடுக்கைய வெச்சுப்போட்டு அங்கயே நில்லு. போலீசு வருது, அவியகிட்டப் பேசிக்க."

ஜீப் வந்தது. இந்தத் தடவை யாரும் படுக்கவில்லை. மலைக்குப் போக வரவழைத்திருந்த காருக்குள் ஓடப் பார்த்த தங்கதுரையைப் பக்தர்களே வழிமறித்து நின்றார்கள். சேவைதானே, யாருக்குச் செய்தால் என்ன?

ஜீப்பில் ஏறும் முன் ஞானஜோதி வனிதாவின் கையை விடவில்லை. "டாக்டரு எங்கம்மாகூடப் பேசக் கூடாதுன்னு திட்டுவாங்களாக்கா?"

"திட்ட மாட்டாங்க கண்ணு. நீ என்ன பேசறேன்னு கேப்பாங்க. தூங்கறதுக்கு வழி பண்ணுவாங்க. ஒரே நாள்ல சரியாகாது. நாளாகும். நான் வாராவாரம் வந்து பார்க்கறேன்."

வனிதா வாராவாரம் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்த்தான் வருகிறாள். மருதாத்தாள் தூக்குப்போசியில் இட்லி கொடுத்தனுப்புகிறாள். பிள்ளை இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். சில நாள் அழுகிறாளாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும் என்கிறாளாம்.

எங்கள் ஊர் திருந்திவிட்டதா? கேளுங்கள். அடுத்த வாரமே இரண்டு விவசாயிகள் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், தூண் தூணாகப் பார்த்துவிட்டு, "இது மாதிரி வேற புள்ளை ஏதாச்சும் கெடக்குதுங்களா?" என்று கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறார்கள். சோறு போடுவதற்கு இல்லை, ஐயா. போர் போடுவதற்கு!

தெருவில் கிடந்தபோது பைத்தியம் என்று சோறு போடவில்லை. தெய்வமாக்கிய பிறகு விரதம் என்று சோறு போடவில்லை. இரண்டு தடவையும் அந்தப் பிள்ளையின் வயிறுதான் காய்ந்தது, நம் மூளை காய்ந்ததற்காக. விரதம் இருக்க வேண்டும் என்றால் அவரவர் இருங்கள், அது உங்கள் வயிறு. ஆனால் யோசிப்பதற்கு எந்தச் சாமியும் இதுவரை விரதம் விதிக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டுவிட்டாவது கொஞ்சம் யோசித்துத் தொலையுங்கள்!